எட்டாவது அணி

2021-22 பருவத்தில் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்திலுள்ள செயின்ட் தாமஸ் பல்கலைக்கழகத்தின் பெண்கள் ஐஸ் ஹாக்கி அணி பெற்ற வெற்றிகள் ஒற்றை இலக்கத்தைத் தாண்டவில்லை. ஆடியதோ முப்பதுக்கும் மேற்பட்ட ஆட்டங்கள். புள்ளிப்பட்டியலை மட்டும் பார்ப்பவர் "மோசமான அணி" என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவார். அந்த அணி எங்கிருந்து வந்தது, யாரோடு மோதியது, ஒரு ஆட்டத்தின் 60 நிமிடங்களில் எந்த இடத்தில் கை மீறிப் போகிறது என்று பிரித்துப் பார்த்தால் அப்படிச் சொல்ல வாய் வராது.

முதலில் வந்த வழி. செயின்ட் தாமஸ் பல்லாண்டு காலமாக, அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் மூன்றாம் பிரிவில், மினசோட்டாவின் சிறு கல்லூரிகள் சேர்ந்து நடத்தும் லீக்கில் ஆடிவந்தது. மற்றக் கல்லூரிகளுக்கு இந்த ஒன்று தாங்க முடியாத பலத்தில் இருந்தது. 2017-இல் அமெரிக்கக் கால்பந்தில் ஒரு கல்லூரியை 97-0 என்று வென்றதை அங்கே யாரும் மறக்கவில்லை. 2019 மே மாதம், போட்டிச் சமநிலை இல்லை என்று காரணம் காட்டி லீக் இந்தக் கல்லூரியை வெளியேற்றுவதாக அறிவித்தது. 2020 ஜூலையில், இரண்டாம் பிரிவில் காலே வைக்காமல் நேராக முதல் பிரிவுக்குப் போக என்.சி.ஏ.ஏ. அனுமதி கொடுத்தது. 2021 ஜூலையில் மாற்றம் நடைமுறைக்கு வந்தது. அளவுக்கு மீறி வென்றதற்காக வெளியே அனுப்பப்பட்ட கல்லூரி அது. அதன் ஹாக்கிப் பெண்கள் போய் இறங்கிய இடம் நாட்டிலேயே கடினமான லீக்.

டபிள்யூ.சி.ஹெச்.ஏ. என்ற அந்த லீக்கைப் பற்றி ஒரே ஒரு தகவல் போதும். பெண்களுக்கான என்.சி.ஏ.ஏ. சாம்பியன்ஷிப் 2001-இல் தொடங்கியது. பெருந்தொற்றால் ரத்தான 2020-ஐ விட்டுவிட்டால், 2025 வரை நடந்த எல்லாப் பட்டங்களும் இந்த லீக்கின் அணிகளுக்கே போயிருக்கின்றன. விலக்கு மூன்றே மூன்று: 2014, 2017, 2018. அந்த மூன்றையும் வென்றது நியூயார்க் மாநிலத்தின் கிளார்க்சன். செயின்ட் தாமஸ் நுழைந்த அதே பருவத்தின் இறுதி ஆட்டத்தில் மோதிய ஒஹையோ ஸ்டேட், மினசோட்டா டுலூத் இரண்டுமே லீக்கின் உறுப்பினர்கள். ஒஹையோ ஸ்டேட் 3-2 என்று வென்றது.

லீக்கில் எட்டு அணிகள். ஒவ்வோர் அணியோடும் நான்கு முறை ஆட வேண்டும். ஏழு நான்கு இருபத்தெட்டு. ஒரு பருவத்துக்கு அனுமதிக்கப்படுவது 34 ஆட்டங்கள் என்பதால், லீக்குக்கு வெளியே கொஞ்சம் மூச்சு விட்டுக்கொள்ளக் கிடைப்பவை ஆறுதான். வேறு லீக்குகளில் புதிதாகச் சேரும் அணிக்குத் தன் தரத்துக்கு ஒத்த நாலைந்து அணிகளாவது அகப்படும். இங்கே விஸ்கான்சின், மினசோட்டா, ஒஹையோ ஸ்டேட், டுலூத் ஆகிய நான்கு பேரோடு மட்டுமே 16 ஆட்டங்கள்.

அந்த எட்டாவது இடம் ஏன் காலியாக இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். அது நார்த் டகோட்டா பல்கலைக்கழகத்தின் இடம். 2017 மார்ச் 29 அன்று, மாநில நிதி சுருங்கியதைக் காட்டி, அந்தப் பல்கலைக்கழகம் தன் பெண்கள் ஹாக்கி அணியைக் கலைத்தது. அங்கே படித்து ஆடிய மோனிக், ஜோஸ்லின் லமரூ இரட்டையர் பதினொரு மாதங்களுக்குள் தென்கொரியாவில் அமெரிக்காவுக்கு ஒலிம்பிக் தங்கம் வாங்கித் தந்தார்கள். மோனிக் மூன்றாம் பீரியடில் கோல் போட்டுச் சமன் செய்தார். கோல்கீப்பரை ஒவ்வொருவராகத் தனியே எதிர்கொள்ளும் ஷூட்-அவுட்டில் ஜோஸ்லின் போட்ட கோல் வெற்றிக் கோலானது. அவர்களை வளர்த்த அணி அப்போது இல்லை. நான்கு பருவங்கள் லீக் ஏழு அணிகளோடு ஓடியது. எவ்வளவு தோற்றாலும் எட்டாவதாக ஓர் அணி வந்து நின்றதை நான் பெரிய விஷயமாகக் கருதுவது இதனால்தான். இருபதுக்கும் மேற்பட்ட பெண்களுக்கு அங்கே இடம் திரும்பக் கிடைத்தது.

இனி, தோல்வி எப்படி உருவாகிறது என்று பார்ப்போம். அது பனித்தரையில் தொடங்குவதில்லை. மூன்றாம் பிரிவில் விளையாட்டுக்கான உதவித்தொகை கொடுக்கக் கூடாது. முதல் பிரிவில் அன்றைய வரம்பு, ஓர் அணிக்கு 18 முழு உதவித்தொகைகளுக்குச் சமமான தொகை. மற்ற ஏழு அணிகளும் பல ஆண்டுகளாக அந்தப் பணத்தோடு ஆள் சேர்த்தவை. சிறந்த பள்ளி மாணவிகள் கல்லூரிக்கு வருவதற்கு ஓரிரு ஆண்டுகள் முன்பே வாக்குக் கொடுத்துவிடுவார்கள். அனுமதி 2020 ஜூலையில் கிடைத்தால், 2021-இல் சேரவிருந்தவர்களில் முன்வரிசைக்காரர்கள் அதற்குள் வேறு இடம் பேசி முடித்திருப்பார்கள். இதற்கு மேல் பெருந்தொற்றும் சேர்ந்துகொண்டது. 2020-21 குளிர்காலத்தில் ஆடியவர்களுக்கு என்.சி.ஏ.ஏ. ஓர் ஆண்டு கூடுதலாக ஆட அனுமதி தந்தது. ஆகவே எதிரணிகளில் ஐந்தாம் ஆண்டு வீராங்கனைகள், 22, 23 வயதுக்காரர்கள், தங்கிவிட்டார்கள். சிலர் ஒலிம்பிக் அணிக்குப் போயிருந்தாலும் பெரிய அணிகளின் ஆழம் குறையவில்லை. 18 வயதுப் பெண்ணுக்கும் 23 வயதுப் பெண்ணுக்கும் தொடையிலும் இடுப்பிலும் உள்ள வலு வித்தியாசத்தை எந்தப் பயிற்சியாளரும் ஒரே கோடையில் ஈடுகட்ட முடியாது.

தலைமைப் பயிற்சியாளராக நியமிக்கப்பட்ட ஜோயல் ஜான்சன் அந்தக் குளிர்காலத்தில் அமெரிக்க ஒலிம்பிக் அணியோடு இருந்தார். பெத்தனி பிராசன் இடைக்காலத் தலைமைப் பயிற்சியாளராக அணியை நடத்தினார். புதுப் பிரிவு, புது லீக், புதுப் பொறுப்பு. மூன்றும் ஒரே பருவத்தில்.

பனித்தரைக்கு வருவோம். ஐஸ் ஹாக்கியில் ஓர் அணிக்கு ஐந்து ஸ்கேட்டர்கள், ஒரு கோல்கீப்பர். குச்சியால் அடிப்பது பந்தை அல்ல, 'பக்' எனப்படும் ரப்பர் வட்டை. மூன்று பீரியட்கள், ஒவ்வொன்றும் 20 நிமிடம். ஒரு ஷிஃப்ட் 40 முதல் 45 விநாடி. அதற்குள் ஓடிக் களைத்து, ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே பெஞ்சுக்கு வந்து ஏற, அடுத்த வரிசை இறங்கும். மூன்று பேர் (நடுவில் சென்டர், இருபுறமும் விங்கர்கள்) கொண்ட முன்வரிசைகள் நான்கு, இருவர் கொண்ட டிஃபென்ஸ் ஜோடிகள் மூன்று. பலவீனமான அணி எங்கே உடைகிறது என்று கேட்டால் நான் தயங்காமல் இரண்டாம் பீரியட் என்பேன்.

காரணம் எளிது. பீரியடுக்குப் பீரியட் அணிகள் முனை மாறும். பெஞ்சு மட்டும் அதே இடத்தில் இருக்கும். முதல், மூன்றாம் பீரியட்களில் உங்கள் பெஞ்சின் கதவு நீங்கள் காக்கும் பகுதிக்குப் பக்கத்தில். பக்கை வெளியே தட்டிவிட்டு நாலு வீச்சில் கதவை எட்டலாம். இரண்டாம் பீரியடில் அதே கதவு நடுக்கோட்டுக்கு அப்பால் போய்விடும். தரை 200 அடி நீளம், நடுப்பகுதியின் இருபுற எல்லையான நீலக்கோடுகளுக்கு நடுவில் மட்டும் 50 அடி. களைத்த டிஃபென்ஸ்காரர் அந்தத் தூரத்தைக் கடந்து போவதற்குள் எதிரணி பக்கோடு திரும்பிவிடும். அதனால் போக முடியாமல் நிற்பார். 45 விநாடி ஷிஃப்ட் 70 ஆகும், 80 ஆகும். எதிரணிக்கோ இப்போது அவர்கள் பெஞ்சு தாக்கும் முனைக்குப் பக்கத்தில். புதுக் கால்களாக மாற்றிக்கொண்டே இருப்பார்கள்.

தவிப்பில் பக்கைத் தரையின் மறுகோடி வரை அடித்துவிட்டால் தப்பிக்கலாமே என்று தோன்றும். அதற்குத்தான் ஐசிங் விதி. நடுச் சிவப்புக் கோட்டுக்கு இந்தப் பக்கமிருந்து அடித்த பக் யாரும் தொடாமல் எதிர்முனைக் கோல்கோட்டைத் தாண்டினால் ஆட்டம் நிற்கும்; ஆட்டத்தை மீண்டும் தொடங்கும் ஃபேஸ்-ஆஃப் மறுபடி உங்கள் பகுதியிலேயே நடக்கும்; தவறு செய்த அணி ஆள் மாற்றக் கூடாது. எதிரணி மாற்றலாம். மூச்சு வாங்கும் ஐந்து பேர், புதிதாக இறங்கிய ஐந்து பேருக்கு எதிரே, கோலுக்கு முன்னால். இரண்டாவது ஐசிங்கும் உடனே வந்தால் கோல் விழப்போகிறது என்று அரங்கில் இருப்பவர்களுக்கே தெரிந்துவிடும்.

ஐசிங்குக்கும் முந்தைய தவறு ஒன்று உண்டு. பந்தயத்தின் வேகம் மாறியது முதலில் தெரியவரும் இடம் அதுதான். எதிரணி பக்கை மூலைக்குத் தள்ளுகிறது. டிஃபென்ஸ்காரர் திரும்பிப் போகிறார். பக்கை எட்டுவதற்கு முன் வலது தோள் வழியாக ஒருமுறை, இடது தோள் வழியாக ஒருமுறை பார்த்தாக வேண்டும். விரட்டி வருபவர் எந்தக் கோணத்தில் வருகிறார், கூட்டாளி எங்கே நிற்கிறார் என்பது அந்த இரண்டு பார்வையில் தெரிய வேண்டும். பிறகு மூன்று வழிகள். கோலுக்குப் பின்னால் கூட்டாளிக்குத் திருப்பிவிடலாம். ஃபேஸ்-ஆஃப் வட்டத்துக்கு நேராக, முதுகைப் பலகைச் சுவருக்குக் கொடுத்து நிற்கும் விங்கருக்குச் சுவரோரமாக அனுப்பலாம். தாழ வந்து வளையும் சென்டருக்கு நடுவில் கொடுக்கலாம். மூன்றாம் பிரிவில் இதற்கெல்லாம் ஒரு கண்ணிமைப் பொழுது கூடுதலாகக் கிடைக்கும். விஸ்கான்சினுக்கு எதிரே அது கிடைக்காது. ஒரு தோளை மட்டும் பார்த்தவர் பக்கைத் தொடும்போதே எதிராளியின் குச்சி வந்துவிடுகிறது. விங்கர் "பக் வந்துவிடும்" என்ற நம்பிக்கையில் இரண்டடி முன்னால் நகர்ந்துவிட்டால், சுவரோரம் அனுப்பிய பக் எதிரணி டிஃபென்ஸின் காலடிக்குப் போகிறது. சென்டர் தாழ வராவிட்டால் நடுவழி அடைபடுகிறது. மூன்றும் அடைபட்டவர் செய்யக்கூடியது கண்ணை மூடிக்கொண்டு ஓங்கி அடிப்பது. அதுதான் ஐசிங். ஐசிங் எண்ணிக்கை கூடியதென்றால் ஓட்டம் போதவில்லை என்று பழி போடுவார்கள். பல நேரங்களில் விங்கர் நின்ற இடம்தான் காரணம்.

பெனால்டிகளும் இதே வேரிலிருந்து முளைப்பவைதான். பெண்கள் ஆட்டத்தில் உடம்பால் மோதித் தள்ளுவதற்குத் தண்டனை உண்டு. ஆனால் பின்தங்கிய அணிக்கு அதிகம் விழுவது அந்த வகை அல்ல. குச்சியால் கொக்கிப்போட்டு இழுத்தது, காலைத் தட்டிவிட்டது, பிடித்து நிறுத்தியது ஆகியவைதான். கால் நின்றுவிட்டால் கை நீளும். தவறு செய்தவர் வெளியே உட்கார, இரண்டு நிமிடம் ஐவருக்கு எதிராக நால்வர். அந்த நால்வராக இறங்குபவர்கள் அணியிலேயே நம்பிக்கையானவர்கள். ஒரு பீரியடில் மூன்று பெனால்டி என்றால் அவர்கள் ஆறு நிமிடம் தற்காப்பிலேயே செலவழித்துவிடுகிறார்கள். கோல் போட வேண்டிய கால்களும் அவர்களுடையவைதான்.

கோல்கீப்பரைப் பற்றி ஒரு கணக்கு. ஆட்டத்துக்கு 42 ஷாட் வருகிறது, அவர் 90 விழுக்காட்டைத் தடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 4.2 கோல் விழும். அதே 42 ஷாட்டுக்கு 92 விழுக்காடு தடுத்தால் கிட்டத்தட்ட 3.4. ஒரு பருவத்தில் 28 கோல் வித்தியாசம். ஆனால் 90-இலிருந்து 92-க்குப் போவது என்பது ஒரு கோல்கீப்பருக்கு இரண்டு மூன்று ஆண்டு உழைப்பாக இருக்கலாம். தடுக்கும் விழுக்காடு 90-இலேயே இருக்கட்டும், ஷாட்டுகளை 42-இலிருந்து 34-ஆகக் குறையுங்கள்; அப்போதும் அதே 3.4 தான். எட்டு ஷாட் குறைப்பதற்கு மேலே சொன்ன விங்கர் இரண்டடி பின்னால் நின்றாலே பாதி வேலை முடிந்தது. கோல் விழுந்தவுடன் முகமூடிக்குள் இருக்கும் ஒருத்தியைக் குற்றவாளியாக்குவது எவ்வளவு அநியாயம் என்பதை இந்தக் கணக்கு சொல்லும்.

வெள்ளியும் சனியும் தொடர்ந்து ஆட்டம் என்பதால் கோல்கீப்பரின் இடுப்பும் தொடையின் உள்தசையும்தான் முதலில் பழுதாகும். முழங்காலை மடித்து இறங்கி எழுவது ஒவ்வொரு ஷாட்டுக்கும் நடக்கும். களைத்தவர் சற்று முன்னதாகவே இறங்கிவிடுவார். மேல்மூலைகள் திறந்துவிடும். ஷாட் அடிப்பவர்கள் அதற்காகவே ஒரு நொடி காத்திருப்பார்கள். ஆகவே வெள்ளிக்கிழமை 45 ஷாட் வாங்கியவரைச் சனிக்கிழமை மறுபடி நிறுத்துவதா, அனுபவம் குறைந்த இரண்டாமவரை இறக்குவதா என்ற கேள்வி வாராவாரம் வரும்.

ஆள் குறைவு என்பது இதே சங்கிலியின் அடுத்த கண்ணி. தலையில் அடிபட்டு மூளை அதிர்வு என்று மருத்துவக் குழு சொன்னால், ஓரிரு நாள் ஓய்வு, பிறகு படிப்படியாகத் திரும்புதல்: லேசான சைக்கிள் ஓட்டம், தனியாக ஸ்கேட்டிங், மோதல் இல்லாத பயிற்சி, முழுப் பயிற்சி, அதன்பிறகே ஆட்டம். ஒவ்வொரு படிக்கும் குறைந்தது ஒரு முழு நாள். தலைவலி திரும்பினால் ஒரு படி கீழே இறங்க வேண்டும். வெள்ளி இரவு அடிபட்டவர் சனி ஆட்டத்தையும் அடுத்த வாரத்தின் இரண்டையும் இழப்பது வழக்கம். அதாவது மூன்று ஆட்டங்கள். இதை அவசரப்படுத்தக் கூடாது. இரண்டு முன்வரிசைக்காரர்கள் இப்படி வெளியே போய்விட்டால் நான்கு வரிசை மூன்று வரிசையும் ஓர் ஆளும் ஆகிறது, மற்றவர்களின் ஓய்வு ஷிஃப்டுக்கு இருபது முப்பது விநாடி குறைகிறது. களைத்த கால்கள் சுவரருகே தலையைக் குனிந்தபடி போய் மறுபடி அடிபடுகின்றன.

இதற்கிடையே யாரும் கவனிக்காத ஒரு மூலையில் ஸ்கேட் தீட்டும் இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும். ஸ்கேட்டின் அடித்தகடு ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் தடிமன். அதன் அடிப்பகுதி தட்டையாக இருக்காது. நீளவாக்கில் ஒரு குழிவு ஓடும், அதன் இருபுறமும் இரண்டு விளிம்புகள். அரை அங்குல ஆரம் என்பது பரவலான அளவு. ஆரம் குறையக் குறைய விளிம்பு பனியை ஆழமாகக் கடிக்கும், திருப்பம் இறுகும், ஆனால் நேரோட்டத்தில் இழுவை கூடும். ஆரம் கூடினால் வழுக்கி ஓடலாம், பிடிப்பு குறையும். கெட்டியான பனிக்கு ஆழமான குழிவும், மென்மையான பனிக்கு ஆழம் குறைந்த குழிவும் கேட்பவர்கள் உண்டு. ஆழத்தைவிட முக்கியமானது இரண்டு விளிம்பும் ஒரே உயரத்தில் இருப்பது. தீட்டும் கல் மையத்திலிருந்து ஒரு மயிரிழை விலகினால் ஒரு விளிம்பு உயர்ந்துவிடும். அந்த ஸ்கேட்டில் இடப்பக்கம் திரும்பும்போது ஒன்றும் தெரியாது. வலப்பக்கம் திரும்பும்போது கால் திடீரென வழுக்கும். அதனால் தீட்டியபின் தகட்டின் குறுக்கே ஒரு சிறு மட்டக்கோலை வைத்து, வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, இடைவெளி தெரிகிறதா என்று பார்ப்பார்கள். பிறகு எண்ணெய் தடவிய கல்லால் பக்கவாட்டில் லேசாக இழுத்து, தீட்டியபோது எழுந்த பிசிறை எடுப்பார்கள். தொடர்ந்து தோற்கும் அணியில் "என் ஸ்கேட் சரியில்லை" என்று வந்து நிற்பவர்கள் அதிகம். சிலருக்கு உண்மையிலேயே சரியிருக்காது. உடைமாற்றும் அறையின் ரப்பர் விரிப்பைத் தாண்டி சிமென்ட்டில் ஒரு அடி வைத்திருப்பார்கள். சிலருக்குத் தன்னம்பிக்கை போயிருக்கும். நல்ல உபகரணப் பொறுப்பாளர் இருவருக்குமே முகம் சுளிக்காமல் மறுபடி தீட்டிக் கொடுப்பார்.

பயிற்சியாளருக்கு வாரத்தில் கிடைப்பது 20 மணி நேரம். அதற்கு மேல் மாணவிகளைக் கட்டாயப் பயிற்சியில் வைத்திருக்க என்.சி.ஏ.ஏ. விதி விடாது, ஒரு நாள் முழு விடுப்பும் தர வேண்டும். பனித்தரை, எடைப்பயிற்சி, வீடியோ எல்லாம் அந்த இருபதுக்குள்தான். வெளியூர் ஆட்டங்களுக்கு டுலூத் ஏறக்குறைய 240 கிலோமீட்டர், பெமிட்ஜி அதைவிடத் தூரம், விஸ்கான்சின் அணியின் ஊரான மேடிசனுக்கு 400-க்கு மேல். பேருந்தில் படித்து, விடுதியில் தேர்வு எழுதி, மறுநாள் இறங்கி ஆட வேண்டும். எதிரே காத்திருக்கும் வசதிகளையும் நினைத்துப் பார்க்க வேண்டும். மினசோட்டா அணி ஆடும் மினியாபொலிஸின் ரிடர் அரங்கம் 2002-இல் பெண்கள் கல்லூரி ஹாக்கிக்கென்றே அமெரிக்காவில் முதன்முதலாகக் கட்டப்பட்டது. மேடிசனின் லபான் அரங்கம் 2012-இல் வந்தது. அந்த ஆண்டுகளில் செயின்ட் தாமஸ் அணி வளாகத்தை விட்டு வெளியே, மிசிசிப்பி ஆற்றைக் கடந்து மென்டோட்டா ஹைட்ஸில் இருந்த சிறிய அரங்கில் ஆடியது.

இந்த நிலைமையில் என்ன செய்ய முடியும்? எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் திருத்தக் கிளம்பும் பயிற்சியாளர் ஜனவரிக்குள் அணியை இழந்துவிடுவார். இலக்கைச் சிறிதாக்குவதே வழி என்று நினைக்கிறேன். வெற்றி, தோல்வியை ஒதுக்கி வைத்துவிட்டு மூன்று எண்களை எழுதிக்கொள்ளலாம்: இரண்டாம் பீரியடில் எத்தனை ஐசிங், 50 விநாடியைத் தாண்டிய ஷிஃப்ட் எத்தனை, கோலுக்கு நேர் முன்னாலிருந்து வாங்கிய ஷாட் எத்தனை. ஓரங்களிலிருந்து வரும் ஷாட்டுகளை விட்டுவிடலாம்; நடுவை மட்டும் அடைக்க வேண்டும். நடுக்கோட்டைத் தாண்டிய பிறகே பக்கை ஆழத்தில் தள்ள வேண்டும், தள்ளிய கணமே மூவர் மாற வேண்டும். இரண்டு வாரத்தில் ஐசிங் ஒன்பதிலிருந்து ஐந்தாகக் குறைந்தால் அதைப் பலகையில் எழுதிப் பெண்களுக்குக் காட்ட வேண்டும். ஸ்கோர் இன்னும் 4-1 ஆகவே இருக்கலாம். அந்த நான்கில் ஒன்று, கடைசி இரண்டு நிமிடத்தில் கோல்கீப்பரை வெளியே எடுத்து ஆறாவது ஸ்கேட்டரை இறக்கியபோது காலி வலையில் விழுந்ததாக இருக்கும். அதை மோசமான ஆட்டத்தின் கணக்கில் சேர்க்கக் கூடாது.

சமனில் முடிக்கும் திறமைக்கும் மதிப்புண்டு. 60 நிமிடத்தில் வென்றால் மூன்று புள்ளி. சமனானால் ஐந்து நிமிடம் மூவருக்கு மூவர், அதுவும் தீர்க்காவிட்டால் ஷூட்-அவுட். அதில் வெல்பவருக்கு இரண்டு, தோற்றவருக்கும் ஒன்று உண்டு. டிசம்பரில் கிடைக்கும் அந்த ஒற்றைப் புள்ளிக்கு உடைமாற்றும் அறையில் எழும் சத்தம் பெரிய அணிகளின் வெற்றிக் கூச்சலுக்குக் குறைந்ததில்லை.

2025 இலையுதிர் காலத்தில் செயின்ட் தாமஸ் வளாகத்துக்குள்ளேயே ஆண்டர்சன் அரங்கம் திறக்கப்பட்டது. இப்போது வகுப்பு முடிந்து பையைத் தூக்கிக்கொண்டு நடந்தே பனித்தரைக்குப் போய்விடலாம். ஆற்றைக் கடந்து போய்வரச் செலவான நேரம் மிச்சம். அந்த அரை மணியில் ஒரு டிஃபென்ஸ் ஜோடி மூலையிலிருந்து பக்கை எடுத்து, இரண்டு தோளையும் பார்த்து, சுவரோரம் நிற்கும் விங்கருக்கு அனுப்புவதை நாற்பது முறை செய்து பார்த்துவிடலாம்.